ஒரு ராத்திரி, ரெண்டு பகல்: அம்மாவோட, ஏழு வயசுப் பொண்ணோட இரவிகுளம் போலாமா?

சிங்காநல்லூரான்
வணக்கமுங்க. ரெண்டு வருசமா குடும்பத்தோட எங்கயும் போகலைங்க, ஆபீஸ் ஸ்கூல் ஆபீஸ்னே ஓடிட்டு இருக்கு. பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் செவ்வா புதன் லீவு கேட்டேன், மேனேஜர் மூஞ்சியச் சுளிச்சுகிட்டே சரின்னுட்டாரு. கூட அம்மா வர்றாங்க, 62 வயசு, முட்டி வலி. பொண்ணுக்கு ஏழு வயசு, வரையாடு தான் நம்ம மாநில விலங்குன்னு ஸ்கூல்ல சொல்லிக்குடுத்ததுல இருந்து நெசமா பாக்கோணும்னு ஒரே நச்சு. அதான் மூணாறு பக்கத்துல இருக்கற இரவிகுளம் நேஷனல் பார்க்னு முடிவு பண்ணிருக்கேன். கார்ல தான் போறோம், ஒரு ராத்திரி தங்கிட்டு அடுத்த நாள் பொழுதோட வீடு வந்து சேரோணும். எந்த வழி நல்லது, அம்மாவால நடக்க முடியுமா, வரையாடு நெசமாலுமே தெரியுமா இல்ல போர்டுல மட்டும் தானா? மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன், மறையூர் எல்லாத்தையும் அதே ட்ரிப்ல சேத்துக்கலாமான்னும் சொல்லுங்க.

தேனிக்காத்து
தமிழ்நாட்டு மாநில விலங்கப் பாக்க கேரளாவுக்கு போறீங்க, நல்லாருக்குண்ணே. ஆனா உண்மை அதான், ஒரே இடத்துல அதிகமா இருக்கறது இரவிகுளத்துல தான். எங்களுக்கு போடிமெட்டு ஏறி பூப்பாறை, கேப் ரோடு, தேவிகுளம்னு மூணாறு போறது வசதி. நீங்க கோவை, அதனால உடுமலை வழி தான், யோசிக்கவே வேணாம்.

பொள்ளாச்சி மாமா
எதுக்கு அம்புட்டு தூரம்? ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்ல ஏறுங்க, மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவதுல வண்டிய ஓரங்கட்டுனா வரையாடு தடுப்புச் சுவத்து மேலயே நிக்கும். டிக்கெட் கிடையாது, க்யூ கிடையாது, பஸ் கிடையாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துரலாம்.

புல்மேடு
மாமா, ஒன்பதாவது வளைவுல பாக்கலாம் தான், நானும் அங்க தான் மொத மொதல்ல பாத்தேன். ஆனா போன தடவ போனப்போ ஒரு பெட்டை ஆடு ரோட்டு நடுவுல நின்னு கார் கண்ணாடிக்கு நேரா மூஞ்சிய நீட்டுது, ஏன்னா முன்னாடி வந்த கார்ல யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிச்சு குடுத்துருக்காங்க. பின்னாடி பஸ்காரரு ஹாரன் அடிக்கறாரு, அது அசையல. இது 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கற பிராணி, புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. தொடறது, தீனி குடுக்கறது, கொம்பப் பிடிச்சு போட்டோ எடுக்கறது எல்லாமே கேஸ் ஆகும். குழந்தைக்கு மொத தடவ காட்டுறீங்கன்னா அது பிஸ்கட்டுக்கு நிக்கறதக் காட்டாதீங்க, புல்லு மேயறதக் காட்டுங்க.

பொள்ளாச்சி மாமா
நான் எங்க தீனி குடுக்கச் சொன்னேன்? பாக்கத்தானே சொன்னேன். வந்துட்டாரு சட்டம் பேச.

புல்மேடு
உங்களச் சொல்லல மாமா, சிப்ஸ்காரனச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க.

ஒருதடவ போதும்
நான் உண்மையச் சொல்லிடறேன், அப்பறம் யாரும் சொல்லலன்னு வருத்தப்படக் கூடாது. நேஷனல் பார்க்னதும் நான் பெருசா கற்பனை பண்ணிட்டு போனேன், ஜீப் சவாரி, யானை, அருவி, ஆனமுடி உச்சிலேருந்து ஒரு செல்ஃபி. அங்க என்ன நடக்குதுன்னா, கீழ அஞ்சாம் மைல்ல நம்ம வண்டிய நிறுத்தணும், வனத்துறை பஸ்ல மேல ராஜமலைக்கு கூட்டிட்டு போவாங்க, எறங்குனதும் ஒரு தார் ரோடு, அதுல நடக்கணும், ஒரு எடத்துல கயிறு கட்டி இதோட சரின்னு நிறுத்திடுவாங்க, திரும்பி நடக்கணும், அவ்வளவு தான். போற தூரம் ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனமுடி பக்கத்துலயே நிக்குது, 2,695 மீட்டர், தென்னிந்தியாவுலயே உசந்த சிகரம், ஏற விடமாட்டாங்க. 97 சதுர கிலோமீட்டர் பார்க்ல நமக்கு குடுத்தது ஒரு ரோட்டுத் துண்டு. நான் போனது கிறிஸ்துமஸ் லீவு சனிக்கிழமை, முன்பதிவு பண்ணாம போனது என் தப்பு தான், வரிசைலயே பாதி நாள் போச்சு. மேல போனா ஆட்டவிட ஆளுங்க அதிகம். ஒரு தடவ போதும்டா சாமி.

மலர்விழி அக்கா
கிறிஸ்துமஸ் சனிக்கிழமை போய்ட்டு ஆளு அதிகம்னா அந்த ஆளுல நீங்களும் ஒருத்தர் தானே தம்பி. (சும்மா சொன்னேன்.)

சிங்காநல்லூர் தம்பிக்கு: அம்மாவப் பத்தி பயப்படாதீங்க. எங்க மாமியாருக்கு 70, போயிட்டு வந்துட்டாங்க. தார் ரோடு தான், ஆனா ஏத்தம் உண்டு, அங்க உயரம் 2,000 மீட்டர் பக்கம் இருக்கறதால மூச்சு கொஞ்சம் வாங்கும். மெதுவா, உக்காந்து உக்காந்து நடந்தா சரியாப் போகும். நடக்கவே முடியாதவங்களுக்கு பேட்டரி வண்டியும் விட்டுருக்காங்க, செலவு கூட, முன்னாடியே பதிஞ்சுக்கணும். எல்லாத்துக்கும் மேல ஸ்வெட்டர். ஜனவரில மூணாறுல சில நாள் காலைல புல்லுல ஒறைபனி வெள்ளையாப் படிஞ்சிருக்கும். கோவை குளிருன்னு நெனச்சு ஒரு சால்வையோட போனா பல்லு தந்தியடிக்கும். பிளாஸ்டிக் பாட்டில், கவர் எதுவும் உள்ள விடமாட்டாங்க, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்குங்க.

ராஜமலை லயத்தான்
இந்த இழைய ரெண்டு நாளா பாத்துட்டு இருக்கேன், எழுதலாமா வேணாமான்னு. நான் பொறந்து வளந்தது அந்தப் பக்க எஸ்டேட் லயத்துல தான் (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு), இப்ப திருப்பூர்ல இருக்கேன். தாத்தா கயத்தாறு பக்கத்துல இருந்து மலையேறுனவரு, அப்பா அம்மா ரெண்டு பேரும் கொழுந்து எடுத்தவங்க.

"ஒருதடவ போதும்" அண்ணனுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். அந்த எடம் மொதல்லேருந்தே நமக்காக வச்சதில்ல. வெள்ளக்காரத் தொரைங்க காலத்துல அது தேயிலக் கம்பெனிகாரங்க வேட்டைக்குன்னு காப்பாத்தி வச்ச மலை, முதுவார் பழங்குடி ஆளுங்க தான் காவல். 1971-ல கேரள அரசு சட்டம் போட்டு கம்பெனிகிட்டருந்த நிலத்த எடுத்துச்சு, 1975-ல சரணாலயம் ஆச்சு, 1978-ல நேஷனல் பார்க், கேரளாவுலயே மொதலாவது. வேட்டைக்குன்னு வேலி போட்ட எடத்துல தான் கடைசில ஆடு மிஞ்சுச்சு, மத்த மலைல தேயில, யூகலிப்டஸ், சீகை மரம்னு வச்சு புல்மேட்ட மூடிட்டாங்க. மேல நின்னு பாருங்க, எஸ்டேட் பச்சை ஒரு கோடு மாதிரி வந்து நிக்கும், அதுக்கு மேல மஞ்சக் கலந்த புல்லு தொடங்கும். அந்தக் கோடு தான் எல்லாம். அதுக்கு மேல ஜீப்பையும் செல்ஃபியையும் விட்டிருந்தா இன்னிக்கு நீங்க கூட்டத்தப் பத்தி கொறப்படறதுக்குக் கூட அங்க எதுவும் இருந்திருக்காது.

சின்ன வயசுல வரையாடு எங்களுக்கு அதிசயமே இல்ல. பள்ளிக்கூடம் போற வழில பாறை மேல நிக்கும், நாங்க ஒரு கூவு கூவுவோம், அது திரும்பிப் பாக்கும், மறுபடி மேயும். அதுக்கு நாங்களும் அதிசயமில்ல. சுடறதுக்கு ஆளு இல்லாம ரொம்ப காலமாச்சுல்ல, அதான் ராஜமலை ஆட்டுக்கு மனுசன் பயம் கொறவு. வேற மலைல முந்நூறு அடி தூரத்துலயே உங்களக் கண்டு பாறைக்குள்ள போயிரும்.

இன்னொண்ணு. ராஜமலைக்கு அந்தால தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு லயத்தோட 70 பேர் போனாங்க, பெரும்பாலும் நம்ம தமிழ் ஆளுங்க. அடக்கம் பண்ணது ராஜமலைல தான். பஸ்ல போறப்போ யாரும் சொல்ல மாட்டாங்க, அதான் நான் சொல்றேன். மழைக்காலத்துல "மிஸ்ட் சூப்பரா இருக்கும்"னு கெளம்பாதீங்க, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த மலையோட கொணம் வேற.

சிங்காநல்லூரான்
அண்ணா... பேப்பர்ல படிச்சது தான், எங்க இருக்குன்னு தெரியாது. எழுதுனதுக்கு நன்றிங்க.

ஒருதடவ போதும்
ராஜமலை அண்ணே, நான் கொறையாச் சொல்லணும்னு சொல்லல, கற்பனை பண்ணிட்டு போகாதீங்கன்னு தான். ஆனா அந்தக் கோடு விசயம் எனக்குத் தோணவே இல்ல. ரெண்டு மணி நேரம் அங்க நின்னுருக்கேன், பாக்கல.

குறிஞ்சிப் பைத்தியம்
நடுவுல ஒரு டவுட். இப்ப போனா நீலக்குறிஞ்சி பாக்கலாமா? ஒரு வீடியோல மலையே ஊதாவா இருந்துச்சு, போன மாசம் போட்டது.

புல்மேடு
பாக்க முடியாது. இரவிகுளத்து நீலக்குறிஞ்சி 12 வருசத்துக்கு ஒரு தடவ, 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு, அடுத்தது 2030. 2018-லயும் சரியா அந்த நேரம் கேரளா வெள்ளம் வந்து ரோடெல்லாம் போயி பாதிப் பேரு பாக்க முடியாமப் போச்சு. குறிஞ்சில நெறைய வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு, எங்கயாவது ஒண்ணு பூத்தா உடனே பழைய படத்தப் போட்டு "12 வருசத்துக்குப் பிறகு"ன்னு வருசா வருசம் கெளப்பி விடறாங்க.

சிங்காநல்லூரான், முக்கியமான விசயம், இத யாரும் சொல்லல: பார்க் குட்டி போடற சீசனுக்கு மூடிருவாங்க, வழக்கமா பிப்ரவரி மார்ச் ரெண்டு மாசமும். மழைக்காலத்துல இணை சேந்து ஜனவரி பிப்ரவரில குட்டி போடும், பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணு. சில வருசம் குட்டி சீக்கிரம் பொறந்துட்டா மூடற தேதியும் முன்ன வந்துரும். நீங்க சொல்ற தேதிக்கு தெறந்துருக்கும், ஆனா கெளம்பறதுக்கு மொத நாள் வனத்துறை சைட்ல பாத்து ஆன்லைன்லயே டிக்கெட் போட்டுருங்க, மொத ஸ்லாட்.

உடுமலை பாசனம்
எங்க ஊரத் தாண்டி தான் போறீங்க, அதனால வழி நான் சொல்றேன். உடுமலைல காலைல இட்லி சாப்ட்டுட்டு ஒன்பதாறு செக்போஸ்ட், அப்பறம் சின்னாறு. அங்கங்க பேரு எழுதுவாங்க, நேரத்துக்கு கதவு சாத்திருவாங்க, ராத்திரி அந்த ரோட்டுல போற நெனப்பே வேணாம், கொம்பன் நிக்கும். சின்னாறு மழை மறைவுப் பகுதி, முள்ளுக்காடு, நம்மூரு மாதிரியே காய்ஞ்சு கெடக்கும். அடுத்து மறையூர், சந்தனக் காட்டுக்கு வேலி போட்டுருப்பாங்க, கரும்பு ஆட்டி வெல்லம் காச்சுற வாசம் கார் கண்ணாடி ஏத்தியிருந்தாலும் உள்ள வரும். அங்கருந்து மூணாறு 40 கிலோமீட்டர் சொச்சம், அதுல மூணாறுக்கு முன்னாடியே அஞ்சாம் மைல் வந்துரும். ஆக நீங்க மூணாறு போயிட்டு திரும்பி வரத் தேவையே இல்ல, பார்க்கு தான் மொதல்ல வரும். நெறைய பேரு இது தெரியாம மூணாறுல போய் ரூம் போட்டுட்டு காலைல டிராபிக்ல மாட்டிக்குவாங்க. மறையூர்ல தங்குங்க, காலைல எறங்குற வண்டிக்கு எதிர்ல நீங்க மட்டும் ஏறுவீங்க.

இன்னொரு சொந்த விசயம். பாம்பாறு அந்த மலைல பொறந்து தான் கெழக்க எறங்கி எங்க அமராவதி அணைக்கு வருது. கேரளாவுல கெழக்க ஓடுற ஆறு மூணே மூணு தான், கபினி, பவானி, பாம்பாறு. மடிப்புல இருக்கற சோலைக்காடும் அந்தப் புல்லும் மழைய ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சுட்டு கோடைல கொஞ்சம் கொஞ்சமா விடுது, இங்க என் தென்னைக்கு தண்ணி. நான் ஒவ்வொரு வருசமும் போயி அந்தப் புல்லப் பாத்துட்டு வருவேன், என் பேங்க் பாஸ்புக்கப் பாக்கற மாதிரி.

தேனிக்காத்து
பாஸ்புக்கு, சூப்பருண்ணே.

சென்னைவாசி 44
சென்னைல இருந்து கார் இல்லாம இந்த மாதிரி ரெண்டு நாள் முடியுமா?

தேனிக்காத்து
போடிக்கு இப்ப ரயிலே வருதே, 2023 ஜூன்ல இருந்து சென்ட்ரல்ல கெளம்புது, வாரத்துல மூணு நாள். காலைல எறங்கி பஸ்ஸப் பிடிச்சு போடிமெட்டு ஏறிரலாம். ஆனா ரெண்டு நாளுக்குள்ள அடக்கறது கஷ்டம், மூணு வச்சுக்குங்க.

மலர்விழி அக்கா
தம்பி நீங்க கேட்டதுல கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் எல்லாம் சேத்துக்கலாமான்னா, வேணாம். மூணும் மூணாறுக்கு அந்தப் பக்கம். ஒரு ராத்திரில அத்தனையும் அடிச்சா காருக்குள்ள குழந்தை வாந்தி, பெரியவங்களுக்கு இடுப்பு வலி, உங்களுக்கு ஸ்டியரிங். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் ஒரு தடவ ஏழு பாயிண்ட் லிஸ்ட் போட்டாரு, ஏழையும் பாத்தோம், இப்ப கேட்டா ஒண்ணு கூட ஞாபகம் இல்ல, பார்க்கிங்ல நடந்த சண்ட மட்டும் ஞாபகம் இருக்கு.

சிங்காநல்லூரான்
சரிங்க. முடிவு பண்ணியாச்சு. செவ்வா மறையூர், புதன் காலைல மொத பஸ்ஸு, அவ்வளவு தான். போயிட்டு வந்து எழுதறேன்.

சிங்காநல்லூரான்
(பத்து நாள் கழிச்சு) போயிட்டு வந்துட்டோமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

செவ்வாக்கெழம மறையூர் போய் சேந்தப்போ மத்தியானம் ரெண்டு. வழில ரெண்டு தடவ பொண்ணு வாந்தி, அக்கா சொன்னது சரி தான். ஒரு ஹோம்ஸ்டேல சொல்லி வச்சிருந்தோம், போனா சுடுதண்ணி இல்ல, கேட்டா "நாளைக்கு வரும்"னாங்க, நாளைக்கு நாங்களே கெளம்பிருவோம். அடுப்புல தண்ணி காய வச்சு அம்மாவுக்கு மட்டும் குளிப்பாட்டு. சாயங்காலம் முனியறை பாத்தோம், பாறை மேல கல்லப் பலகையா நிறுத்தி மூடி வச்சிருக்காங்க, ஆயிரக்கணக்கான வருசம் முந்தி செத்தவங்களப் பொதைச்ச எடம். பொண்ணு "இது யாரு வீடு"ன்னு கேட்டா, அம்மா "பெரியவங்க வீடு சாமி, கும்புட்டுக்க"ன்னாங்க.

புதன் காலைல அஞ்சாம் மைல் போறப்போ எங்களுக்கு முன்னாடி பதினஞ்சு பேரு கூட இல்லைங்க. பஸ்ஸு மேல ஏற ஏற மூடுபனி. எறங்குனா பத்தடிக்கு அந்தால எதுவும் தெரியல. வீட்டுக்காரம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே. அம்மா ஒரு கல்லு மேல உக்காந்துட்டாங்க, "நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்"னு. நாங்க கயிறு கட்டுன எடம் வரைக்கும் போயி பனியப் பாத்துட்டு திரும்புனோம். ஒரு ஆடு இல்ல. பொண்ணு அழல, ஆனா பேசவும் இல்ல, அது இன்னும் மோசம்.

திரும்பி வந்தா அம்மா வாயில வெரல வச்சு சும்மா இருங்கன்னு சைகை காட்டறாங்க. அவங்க உக்காந்திருந்த கல்லுல இருந்து ஒரு பத்தடி மேல, சரிவுல, ரெண்டு பெட்டையும் ஒரு குட்டியும். பனி அப்படியே வெலகி வெலகி மூடுது. நாங்க நின்னோம். முதல்ல கேட்டது சத்தம் தான், புல்லப் பிடுங்குற சரக் சரக். அப்பறம் மெல்லறப்போ தாடை பக்கவாட்டுல போறது. காது நுனில பனித் துளி நின்னுச்சு, ஒரு தடவ தலைய உதறுனதும் அது எங்க பக்கம் தெறிச்சுது. கொழாய்த் தண்ணில நனைஞ்ச கம்பளி மாதிரி ஒரு வாசம், அதோட ஆட்டு வாசம். குட்டி ரெண்டு கையளவு தான் இருக்கும், நேர் பாறைல நாலு காலையும் ஒரே எடத்துல சேத்து வச்சு நின்னுச்சு, எப்படி நிக்குதுன்னே தெரியல. ராஜமலை அண்ணா சொன்ன மாதிரி அதுங்க எங்கள சட்டையே பண்ணல. பெரிய கெடா ஒண்ணு மேல பனிக்குள்ள நிழலா நின்னுச்சு, முதுகுல மட்டும் வெள்ளி பூசுன மாதிரி. அவ்வளவு தான், எட்டு பத்து நிமிசம் இருக்கும், பனி மூடுச்சு, தெறந்தப்போ பாறை காலி.

அம்மாகிட்ட எத்தன நேரமா இருந்துச்சுன்னு கேட்டேன். நீங்க போனதும் வந்துருச்சுன்னாங்க. நாங்க கயிறு வரைக்கும் விறுவிறுன்னு போயி வந்ததுல முட்டி வலிக்காரங்களுக்கு தான் முக்கா மணி நேரம் கெடச்சுது.

ராஜமலை அண்ணா, எறங்குறப்போ பனி முழுசா வெலகி அந்தக் கோடு தெரிஞ்சுது. பெட்டிமுடி எந்தப் பக்கம்னு பஸ்ஸுல பக்கத்துல இருந்த ஒரு அம்மாகிட்ட கேட்டேன். கை காட்டுனாங்க. வேற ஒண்ணும் பேசல.

ராஜமலை லயத்தான்
படிச்சுட்டேன் தம்பி. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

ஒருதடவ போதும்
கல்லு மேல உக்காரணும்னு யாராவது எனக்கு அன்னிக்கே சொல்லியிருக்கலாம். ஏப்ரல்ல தெறக்கறாங்கல்ல, வார நாள் ஒண்ணு பாக்கணும். இந்தத் தடவ ஆன்லைன்ல போட்டுட்டு தான் போவேன்.

பொள்ளாச்சி மாமா
நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் ஒன்பதாவது வளைவுல சுடுதண்ணிப் பிரச்சனையே இல்லைங்க.

மலர்விழி அக்கா
மாமா அடங்க மாட்டாரு. தம்பி, பாப்பா என்ன சொல்லுச்சு?

சிங்காநல்லூரான்
வீடு வர்ற வரைக்கும் தூக்கம் அக்கா. அடுத்த நாள் ஸ்கூல் பேக்க எடுத்தா உள்ள ஒரு கூழாங்கல்லு. பார்க்ல இருந்து எதுவும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு போனேன். கேட்டா, இது சின்னாறு ஆத்துல பொறுக்குனது, பார்க்குக்கு வெளிய தானேங்கறா. சின்னாறும் சரணாலயம் தான்னு இப்ப எப்படி சொல்றதுன்னு தெரியல.